65 வயது தாண்டினால் தூண்டிலுக்கு உரிமம் வேண்டாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் சடசடவென்று கேட்பது மழை. கடைக்குத் தகரக் கூரை, ஒன்றும் செய்வதற்கில்லை. கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன்.

இந்த வாரம் ஒரு பெரியவர் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68. ஜூலை மாதம் மகளைப் பார்க்க டொரொன்டோவுக்குப் போகிறாராம். அங்கேயே பிறந்த பேரனுக்குப் 10 வயது. தாத்தாவோடு மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். "65 வயதைத் தாண்டியவர்களுக்கு இங்கே மீன்பிடி உரிமம் தேவையில்லை, அடையாள அட்டை இருந்தால் போதும் என்று சம்பந்தி சொல்கிறார். என் ஐசியை, அதாவது மலேசிய அடையாள அட்டையை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் போதுமா?" இதுதான் அவருடைய சந்தேகம்.

ஐயா, சம்பந்தி சொன்னது பொய் இல்லை. அவருக்கு அது முழுக்கச் சரி. உங்களுக்குச் சரியில்லை.

டொரொன்டோ இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில். அங்கேயுள்ள ஈழத்தமிழர் கடைகளின் பலகையில் 'ரொறன்ரோ' என்று எழுதியிருக்கும். ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். அந்த மாகாணத்தில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் தூண்டில் போட உரிமம் வாங்க வேண்டும். 18 நிறையாதவர்களுக்கும் 65 நிறைந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் இந்த வயது விலக்கு கனடாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். குடியிருப்பவர் என்றால் அவருடைய முதன்மையான வீடு அங்கே இருக்க வேண்டும், கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து 6 மாதமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வருகிறவர் விருந்தாளி. விருந்தாளிக்கு 68 வயதானாலும் 88 வயதானாலும் உரிமம் வேண்டும்.

இந்தக் குழப்பம் நமக்கு ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். 60 வயது ஆனதிலிருந்து நாம் ஐசியை நீட்டியே பழகிவிட்டோம். ரயில் டிக்கெட்டுக்குச் சலுகை, மருத்துவமனையில் தனி வரிசை, எல்லாமே அந்த அட்டையில்தான். வயது என்பது ஊர் உலகமெங்கும் செல்லுபடியாகும் நோட்டு என்று மனத்தில் பதிந்துவிட்டது. அது மலேசிய நோட்டு ஐயா, அங்கே மாற்ற முடியாது.

இன்னொன்று, தூண்டிலுக்கு உரிமம் என்ற பேச்சே நம் காதுக்குப் புதிது. தோட்டத்து வாய்க்காலிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் மூங்கில் கழியோடு உட்கார்ந்து வளர்ந்தவர்கள் நாம். விராலுக்கு யார் பெர்மிட் கேட்டார்கள்? கட்டணக் குளத்துக்குப் போனால் மணிக்கணக்குக்குக் காசு கொடுக்கிறோம். அது குளத்துக்காரருக்குக் கொடுக்கும் காசு, அரசாங்க உரிமம் அல்ல. ஆனாலும் இங்கே சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் இருக்கிறது. வெடி, விஷம், மின்சாரம் வைத்துப் பிடிப்பது குற்றம். கடல் மீன்பிடிப்பு மத்திய அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. ஆற்று மீன்பிடிப்பு மாநிலத்தின் கையில். நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில், 'ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்' என்று ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆமையையும் தூண்டில்காரனையும் ஏன் ஒரே வீட்டில் குடிவைத்தார்கள் என்று நான் பல நாள் யோசித்தது உண்டு. ஆற்று மீன்பிடிப்பு மாநிலத்தின் கையில் இருப்பதால்தான் ஒரு மாநிலத்து விதி இன்னொரு மாநிலத்தில் இருப்பதில்லை. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் நுழைவதற்கு 1 வெள்ளி (ரிங்கிட்), மீன் பிடிக்க 10 வெள்ளி என்று தனித்தனியாகச் சீட்டு வாங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். வட பேராக்கில் ராயல் பெலும் காட்டுப் பூங்கா பக்கம் போகிறவர்களும் முன்கூட்டியே அனுமதி எடுத்துவிட்டுத்தான் படகு ஏறுகிறார்கள்.

சரி, கனடாவுக்கு வருவோம். ஐசி போதுமா என்ற கேள்விக்கு என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்கார்புரோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு அப்போது 66. அண்ணன் அங்கேயே குடியிருப்பவர், என்னைவிட மூத்தவர், அதனால் அவருக்கு உரிமம் வேண்டாம். அவருடைய மகன் விதிகளை வரி விடாமல் படிக்கிற பையன். "சித்தப்பா, உங்களுக்கு வேண்டும்" என்று சொல்லி இணையத்திலேயே எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான். மூவரும் ப்ளஃபர்ஸ் பார்க்கில், ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். காற்று ஊசிபோலக் குத்தியது. ஜூன் மாதம் என்றார்கள். எனக்குக் கேமரன் மலை டிசம்பர்போல இருந்தது.

இயற்கைவள அதிகாரி ஒருவர் நடந்து வந்தார். மரியாதையாக வணக்கம் சொன்னார், இன்றைக்கு ஏதாவது கடித்ததா என்று கேட்டார், அப்புறம் உரிமத்தைக் கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கு விலக்கு" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே, "நல்லது, விலக்கைக் காட்டுங்கள்" என்றார். அண்ணனின் பணப்பை காருக்குள் இருந்தது. காரோ தூரத்து நிறுத்துமிடத்தில்! முட்டிவலிக்காரர் அவ்வளவு தூரம் நடந்து போய், ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதிகாரி பிறந்த வருடத்தைப் பார்த்தார், உதடு அசையக் கணக்குப் போட்டார், திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த ஊர் விதிப்படி 65 தாண்டிய குடியிருப்பாளருக்கு, பெயரும் பிறந்த தேதியும் உள்ள அரசாங்க அடையாள அட்டைதான் மீன்பிடி உரிமம். அந்த அட்டை, உரிமத்தின் இடத்தில் நிற்கிறது. அட்டை கையில் இல்லை என்றால் உரிமம் கையில் இல்லை என்றுதான் பொருள். உங்கள் சம்பந்திக்கும் இதைச் சொல்லுங்கள். விலக்கு இருக்கிறது என்ற தெம்பில் வீட்டிலேயே பணப்பையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர் வயதில் நிறையப் பேர்.

அப்புறம் என் முறை. கைப்பேசியில் உரிமத்தைக் காட்டினேன். திரையில் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் குளிரில் பேட்டரி இறங்கி 4 விழுக்காட்டில் துடித்துக்கொண்டிருந்தது. உரிமம் திறப்பதற்குள் எனக்குத்தான் வியர்த்தது. ஆள் நான்தான் என்று காட்ட நம் ஐசியைப் பெருமையாக நீட்டினேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பிறந்த தேதி எங்கே?" என்றார். நம் ஐசியில் பிறந்த தேதி என்று தனியாக ஒரு வரி கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எண்ணின் முதல் ஆறு இலக்கம்தான் தேதி: வருடம், மாதம், நாள். அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. இது நமக்குத் தாய்ப்பால்போல. அவருக்கு வெறும் பன்னிரண்டு எண். நான் விரல் வைத்து விளக்க விளக்க, அவர் அதைத் தொலைபேசி எண் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் கடப்பிதழை (பாஸ்போர்ட்) எடுத்தேன், வேலை முடிந்தது.

ஆகவே ஐயா, ஐசி அங்கே போதாது. கடப்பிதழும் உரிமமும் வேண்டும். உரிமத்தைத் தாளில் அச்சிட்டு, நெகிழிப் பையில் போட்டுத் தூண்டில் பெட்டிக்குள் வையுங்கள். கடப்பிதழைத் தண்ணீர் படாத பையில் வையுங்கள். மீன் நாற்றம் ஏறினால் திரும்பி வரும்போது குடிநுழைவு அதிகாரி முகம் சுளிப்பார்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். நான் போனபோது வெளிநாட்டவருக்கு ஒரு நாள் உரிமம் 25 கனடிய டாலருக்குக் கொஞ்சம் குறைவு, 8 நாளுக்கு 54 டாலர் சொச்சம், ஒரு வருடத்துக்கு 83 டாலர் சொச்சம். வரி தனி. ஒரு நாள் உரிமம் தவிர மற்றவற்றுக்கு 'அவுட்டோர்ஸ் கார்டு' என்ற அட்டையும் எடுக்க வேண்டும். அதற்கு எட்டரை டாலர் போல, மூன்று வருடம் செல்லும். இதில் 'கன்சர்வேஷன்' என்று ஒரு மலிவு வகை இருக்கிறது. அதில் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடிய மீனின் எண்ணிக்கை குறைவு, விலையும் குறைவு, 8 நாளுக்கு 31 டாலர் சொச்சம். பத்து வயதுப் பையனோடு போகிற தாத்தாவுக்கு அதுவே தாராளம். அவன் முதல் மீனைப் பிடித்ததும் விட்டுவிடச் சொல்லி அழப்போகிறான், பாருங்கள்.

பெயர் நிரப்பும் இடத்தில் ஒரு தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நடுவில் 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் 'ஏ/எல்' வேறு. சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடப்பிதழில் இருக்கிற பெயரோடு ஒத்துப்போகும்படி நிரப்புங்கள். அவசரத்தில் அப்பா பெயரை மட்டும் போட்டுவிட்டால், கரையில் உங்கள் அப்பாவின் உரிமத்தோடு நீங்கள் நிற்பீர்கள்.

பேரனுக்கு வருவோம். அவன் அங்கேயே வாழ்கிறவன், 18க்குக் கீழே, அவனுக்கு உரிமம் வேண்டாம். நீங்கள் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்கும் வேண்டாம். ஆனால் கழியைக் கையில் வாங்கி ஒரு வீச்சு வீசினால் நீங்களும் மீன் பிடிக்கிறவர்தான். கழியைத் தொடாமல் உங்களால் இருக்க முடியுமா? என்னால் முடியாது.

இங்கிருந்து இன்னொரு பேரப்பிள்ளையையும் அழைத்துப் போகிறீர்கள் என்றால் அந்தக் கணக்கு வேறு. வெளிநாட்டுப் பிள்ளை 18க்குக் கீழே இருந்தால், உரிமம் உள்ள ஒருவரோடு சேர்ந்து பிடிக்கலாம். ஆனால் அவன் பிடிக்கும் மீன் அந்த உரிமக்காரரின் கணக்கில் ஏறும். ஆளுக்கு ஒரு பங்கு என்று நினைத்து வாளியை நிரப்பிவிடக் கூடாது.

ஜூலை என்று சொன்னீர்கள். கனடா தினத்தை ஒட்டி உரிமம் இல்லாமல் மீன் பிடிக்கிற வாரம் ஒன்று வரும். அன்னையர் தினம், தந்தையர் தினம், பிப்ரவரியில் வரும் குடும்ப தினம் ஆகியவற்றின் வார இறுதியிலும் அப்படி உண்டு. யாராவது அதைக் காட்டி வாருங்கள் என்பார்கள். அதுவும் குடியிருப்பவர்களுக்குத்தான். அவர்களும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம் நண்பர்கள் சிலர், அங்கே முன்னாள் வீரர்களுக்கு இலவசமாமே என்று முன்பு கேட்டார்கள். அது கனடியப் படையினருக்கு. அந்த நாட்டுப் பூர்வகுடிகள் தங்கள் பாரம்பரிய எல்லைக்குள் உரிமம் இல்லாமல் பிடிக்கலாம், அவர்களுக்கென்று தனி அட்டை இருக்கிறது. நம் பிளஸ் ஆற்றங்கரைத் தெமியார் பூர்வகுடி மக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு யாருக்கு முதலில் சொந்தமாக இருந்தது என்ற கேள்வி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கரையில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு கழிதான். இங்கே குளக்கரையில் நான்கு கழியை வரிசையாக ஊன்றிவிட்டுக் கோப்பி குடிக்கிற பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். ஏரியில் படகிலிருந்து பிடிப்பவர்களுக்குச் சில இடங்களில் இரண்டு உண்டு, அது உங்களுக்கு வேண்டாம். உயிருள்ள சின்ன மீனை இரையாகக் கடையில் வாங்கினால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள், அதையும் கேட்பார்கள். காரில் எல்லை தாண்டிக் கியூபெக் பக்கம் சுற்றிப் பார்க்கப் போனால் ஒன்டாரியோ உரிமம் அங்கே செல்லாது. தேசியப் பூங்காக்களிலும் தனி அனுமதி கேட்பார்கள், நம் தாமான் நெகாரா மாதிரி.

கொக்கிகளைக் கைப்பையில் வைத்து விமானம் ஏற வேண்டாம், பெரிய பெட்டியில் போடுங்கள். பெலாச்சான் (இறால் விழுது) பிசைந்த இரை மாவை எடுத்துப் போகலாமா என்று கடைசியில் மெதுவாக ஒரு கேள்வி போட்டிருக்கிறீர்கள். ஐயா, மகள் வீட்டு வாசலில் அந்த உருண்டையைப் பிரித்துப் பார்க்கிற மருமகன் முகத்தை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். அங்கே மண்புழுவே டப்பாவில் விற்கிறார்கள்.