எண்ணுக்கு முன்: யாரை எண்ணினார்கள்?

அவையோருக்கு வணக்கம்.

பிஆர்சிஏ1 என்ற மரபணுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் கேடு விளைவிக்கும் பிறழ்வோடு, அதாவது பிறவியிலேயே வந்த எழுத்துப்பிழை போன்ற மாற்றத்தோடு, பிறந்த பெண்ணுக்கு 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு? 1994இல் வெளியான கணக்கு 87 சதவீதம் என்றது. 1997இல் வந்த இன்னொன்று, பிஆர்சிஏ1, அதேபோல ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ2 என்ற மரபணு இரண்டையும் சேர்த்து 56 என்றது. 2003இல் 22 ஆய்வுகளின் தரவை ஒன்றாகத் திரட்டியபோது பிஆர்சிஏ1க்கு 65, பிஆர்சிஏ2க்கு 45. இடையில் மரபணு மாறிவிடவில்லை. கணக்குப் போட்டவர்களும் கற்றுக்குட்டிகள் அல்லர். யாரை எண்ணினார்கள் என்பதுதான் மாறியது. இன்று நான் பேசப்போவது அதைத்தான்.

1990இல் அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் குழுவினர் இந்த மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார்கள். 1994இல் மரபணுவே கைக்குக் கிடைத்தது. தேடியது எங்கே? தாய், சித்தி, அக்கா, தங்கை என்று பலருக்கு இளவயதிலேயே நோய் வந்த குடும்பங்களில். தேடுவதற்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் அதே குடும்பங்களை வைத்து ஆபத்தின் அளவைக் கணக்கிட்டால் எண் உயரத்தான் செய்யும். பிறழ்வு இருந்தும் யாருக்கும் நோய் வராத குடும்பம் ஆய்வுக்குள் வந்திருக்கவே வாய்ப்பில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் செல்லும். இங்கே அடியில் பிடித்த சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தோம்.

1997 ஆய்வு வேறு வழியில் போனது. வாஷிங்டன் பகுதியில் வாழும், நடு, கிழக்கு ஐரோப்பியப் பூர்வீகம் கொண்ட அஷ்கெனாசி யூதர்கள் 5,300க்கும் மேற்பட்டோர் தாமாக முன்வந்து விரல் நுனி இரத்தம் கொடுத்தார்கள். அந்தச் சமூகத்தில் ஏறத்தாழ 40 பேரில் ஒருவருக்கு மூன்று குறிப்பிட்ட பிறழ்வுகளில் ஒன்று இருப்பதால், மூன்றை மட்டும் சோதித்தாலே போதும். பிறகு வந்ததுதான் சாமர்த்தியம். இரத்தம் கொடுத்தவரின் நோயை எண்ணவில்லை. அவருடைய தாய், சகோதரி, மகள் ஆகியோரின் நோயை எண்ணினார்கள். பிறழ்வு உள்ளவரின் நெருங்கிய இரத்த உறவில் சராசரியாகப் பாதிப்பேருக்கு அது இருக்கும். ஆகவே அந்த உறவினர்களிடம் காணும் ஆபத்து, பிறழ்வு உள்ளோர், இல்லாதோர் இருவருக்குமான சராசரி. ஒரு கற்பனைக் கணக்கு: அந்த உறவினர்களில் 30 சதவீதம், பிறழ்வு இல்லாதவர்களின் உறவினர்களில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 30ஐ இரண்டால் பெருக்கி 10ஐக் கழித்தால் 50. யாருக்கும் கூடுதலாக ஒரு சோதனைகூடச் செய்யாமல் விடை வந்துவிடுகிறது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. குடும்பத்தில் நோய் இருப்பவர்களே இப்படிப்பட்ட ஆய்வுக்கு அதிகமாக முன்வருவார்கள். உறவினரின் நோய் வாய்வழியாக வரும் செய்தி. மார்பகப் புற்றுநோயைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள், சூலகப் (கருமுட்டைப்பை) புற்றுநோயோ "வயிற்றில் ஏதோ கட்டி" என்று வந்து நிற்கும். முடிந்த இடத்தில் எல்லாம் மருத்துவமனைப் பதிவையோ இறப்புச் சான்றையோ பார்த்து உறுதிசெய்வது அதனால்தான்.

பின்னோக்கிப் பார்க்காமல் முன்னோக்கிப் பின்தொடர்வது இன்னும் நம்பகமான வழி. 2017இல் வந்த பெரிய பன்னாட்டு ஆய்வு, பிறழ்வு உள்ள பெண்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை அப்படிப் பின்தொடர்ந்தது. 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய்: பிஆர்சிஏ1க்கு 72, பிஆர்சிஏ2க்கு 69 சதவீதம். சூலகப் புற்றுநோய்: 44, 17. உடனே "65 இருந்தது 72 ஆகிவிட்டதே" என்று சிலர் பதறுவார்கள். முன்னது 70 வயது வரை, பின்னது 80 வரை. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடவே கூடாது.

இந்த வகை ஆய்வில், ஒருவரைப் பின்தொடரும் காலத்தை எண்ணும் கடிகாரத்தை எப்போது ஓடவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரபணுச் சோதனை செய்த நாளுக்கு முன் வந்த நோயைச் சேர்த்தால் கணக்கு கெட்டது; நோய் வந்ததால்தானே பலர் சோதனைக்கே வந்தார்கள்! முன்னெச்சரிக்கையாக மார்பகத்தை அகற்றிக்கொண்டவருக்கு அந்த நாளோடு கடிகாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால், நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைந்துவிட்ட ஆண்டுகளும் கணக்கில் ஏறி ஆபத்தைக் குறைத்துக் காட்டும்.

இன்னொன்று, மருத்துவர்களே சில சமயம் சறுக்கும் இடம். "80 வயதுக்குள் 70 சதவீதம்" என்பது பிறந்த நாளிலிருந்து போட்ட கணக்கு. 50 வயது வரை நோயின்றி வந்தவருக்கு அதே எண்ணைச் சொல்லக் கூடாது. 50 வயதுக்குள்ளேயே 40 சதவீதம் பேருக்கு வந்துவிடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மீதி 60 பேரில் இனி வரப்போவது 30 பேருக்கு. ஆக அவருடைய மீதி ஆபத்து 50 சதவீதம்.

இதுவரை பேசியவை அரிதான, வலுவான பிறழ்வுகள். மறுபுறம், மக்களில் பலருக்கும் இருக்கிற, ஆபத்தைச் சற்றே கூட்டுகிற மாற்றங்கள் இருக்கின்றன. இவற்றைக் குடும்பத்தில் தேட முடியாது. நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஆயிரக்கணக்கில் ஒப்பிட வேண்டும். மரபணுத் தொகுதியில் பத்து லட்சம் இடங்களைச் சோதிக்கும்போது தற்செயலாகவே பல "கண்டுபிடிப்புகள்" முளைக்கும். அதனால், தற்செயலாக வரும் தவறான விடையை இருபதில் ஒரு முறை வரை பொறுத்துக்கொள்ளும் வழக்கமான 0.05 என்ற வரம்பைப் பத்து லட்சத்தால் வகுத்து, இரண்டு கோடியில் ஒன்று என்று வைத்தார்கள். அதற்குக் கொடுக்கும் விலை, ஆட்களின் எண்ணிக்கை. மக்களிடம் உள்ள அந்த மரபணுவின் பிரதிகளில் (ஒவ்வொருவரிடமும் இரண்டு) 30 சதவீதத்தில் காணப்படும் மாற்றம் ஆபத்தை ஒன்றரை மடங்காக்கினால், அதைப் பிடிக்க 1,200 நோயாளிகளும் அதே அளவு ஒப்பீட்டுக் குழுவும் போதும். 1.1 மடங்குதான் என்றால் இரு பக்கமும் 20,000க்கு மேல் வேண்டும். சில நூறு பேரை வைத்து ஒற்றை மரபணுவைக் குற்றவாளியாக்கிய பழைய கட்டுரைகள் பல, பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் கரைந்துபோனதற்குக் காரணம் இதுதான்.

கூட்டம் பெரிதானால் மட்டும் போதாது. நோயாளிகளின் மாதிரிகளை ஓர் ஆய்வகத் தட்டிலும் மற்றவர்களுடையதை இன்னொரு தட்டிலும் வைத்துப் படித்தால், இயந்திரத்தின் கோளாறு நோயின் காரணம்போல வேடம் கட்டும். 96 குழித் தட்டு ஒவ்வொன்றிலும் இரு தரப்பையும் கலந்து வைக்க வேண்டும். சில மாதிரிகளை வேறு எண் கொடுத்து இரண்டு முறை ஒளித்துவைத்து, விடை ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். பூர்வீகமும் அப்படித்தான். நோயாளிகளில் ஒரு பூர்வீகத்தாரும் ஒப்பீட்டுக் குழுவில் வேறொரு பூர்வீகத்தாரும் மிகுந்திருந்தால், அவர்களுக்குள் இயல்பாக வேறுபடும் மாற்றம் எல்லாமே புற்றுநோய்க்குக் காரணம்போலத் தெரியும்.

காரணம் எது என்பதிலும் தடுக்கி விழலாம். 2008இல் மூன்று குழுக்கள், 15ஆம் குரோமோசோமில் நிக்கோட்டின் ஏற்பி (செல்லில் நிக்கோட்டின் ஒட்டிக்கொள்ளும் புரதம்) மரபணுக்களை ஒட்டிய மாற்றம் நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புடையது என்று கண்டன. அதே மாற்றம் உள்ளவர்கள் ஒரு நாளைக்குக் கூடுதல் சிகரெட் பிடிப்பவர்களாகவும் இருந்தார்கள். மரபணு நுரையீரலைத் தாக்குகிறதா, கையைச் சிகரெட்டுக்கு இழுக்கிறதா? எத்தனை சிகரெட் என்று கேட்டுக் கணக்கில் சேர்த்தாலும் தீராது. எவ்வளவு ஆழமாக இழுத்தார் என்பது கேள்வித்தாளில் சரியாகப் பிடிபடாது.

கடைசியாக, சோதனைத் தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு. பால்பி2 என்ற மரபணுவில் பிறழ்வு உள்ள பெண்ணுக்கு 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லையென்றால் 33 சதவீதம். நெருங்கிய உறவில் இருவருக்கு 50 வயதுக்குள் வந்திருந்தால் 58. ஆகவே மரபணுப் பெயரோடு குடும்ப வரைபடமும் மேசையில் இருக்க வேண்டும். "பொருள் தெளிவாகாத மாற்றம்" என்று அறிக்கை சொன்னால், அதை மட்டும் நம்பி அறுவைச் சிகிச்சைக்குப் போகக் கூடாது. குடும்பத்தில் முதலில் சோதிக்க வேண்டியது நோய் வந்தவரை. அவரிடம் பிறழ்வு கண்டுபிடிக்கப்பட்டு, அதே பிறழ்வு தங்கையிடம் இல்லையென்றால், தங்கையின் ஆபத்து பெரும்பாலும் மற்றப் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். அக்காவைச் சோதிக்காமல் தங்கைக்கு மட்டும் "இல்லை" என்று வந்தால், குடும்பத்தில் அந்த நோய்க்குக் காரணம் நாம் தேடாத இடத்தில் இருக்கலாம். அவர் வழக்கமான பரிசோதனைகளைத் தொடர்ந்தே ஆக வேண்டும்.