அக்காள் சுற்றிய பீடியும் நான் படித்த படிப்பும்

(முக்கூடல் வட்டாரப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவியர் கூடுகையில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், என்னோடு படித்த தோழியருக்கும், முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அக்காளுக்கும் வணக்கம்.

பள்ளியை விட்ட பின் நாம் என்ன ஆனோம் என்பதைப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். 1978இல் பத்தாம் வகுப்பை முடித்து, அப்போது புதிதாக வந்த மேல்நிலைப் படிப்பில் சேர்ந்து, 1980இல் தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்த பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதியவர்கள் நாம். அதற்கு முன்னெல்லாம் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் பியூசி என்ற புகுமுக வகுப்புக்குக் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டும். பெண்பிள்ளையைப் பாளையங்கோட்டைக்குத் தனியே அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு, ஊர்ப்பக்கத்துப் பள்ளியிலேயே இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தது பெரிய காரியம். என் வீடும் அப்படித் தயங்கிய வீடுதான்.

அந்த வீட்டில் பணம் வந்த வழி ஒன்றே ஒன்று. அக்காள் எட்டாம் வகுப்போடு நின்று பீடி சுற்ற உட்கார்ந்தாள். முந்தின இரவே இலையை நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்திருப்பாள். விடிந்ததும் தகட்டை இலைமேல் வைத்து ஒரே அளவாகக் கத்தரிப்பாள். பிறகு சுளகை, அதாவது முறத்தை, மடியில் ஏற்றிக்கொண்டால் உச்சிவேளை வரை எழுந்திருக்க மாட்டாள். ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளை இலையில் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்கும் வரையிலான அவ்வளவு வேலையும் நான் ஒரு வாக்கியத்தை வாசித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். கடையில் எண்ணிப் பார்த்து, மெலிந்தது என்றும் வாய் சரியில்லை என்றும் ஒதுக்கித் தள்ளுவதற்குக் கூலி கிடையாது என்பதால், அந்த இழப்புக்கும் சேர்த்துக் கூடுதலாகவே சுற்றுவாள்.

அவள் அருகில் உட்கார்ந்துதான் நான் பாடங்களை உரக்கப் படிப்பேன். ஒருநாள் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏட்டி, செடி கரியமில வாயுவ உள்ள இழுக்கும்னு நேத்துப் படிச்ச, இன்னைக்கு மாத்திச் சொல்லுத" என்று திருத்தினாள். என் பாடங்களில் பாதி அவளுக்கு மனப்பாடம். தேர்வு எழுதத்தான் அவளுக்கு அனுமதி இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பதினெட்டு மாதச் செவிலியர் பயிற்சியை முடித்து, 1983இல் ராதாபுரம் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். ஆற்றுப் பாசனத்தையே பார்த்து வளர்ந்த எனக்கு, பனையும் உடைமரமும் செம்மண்ணுமாகக் கிடந்த அந்தப் பூமி முதலில் அச்சமூட்டியது. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. அந்த 5,000 பேரும் ஓரிடத்தில் இருப்பதில்லை. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பனிக்கட்டி அடைத்த பெட்டியில் மருந்தை வாங்கிக்கொண்டு, கடைசி நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கி, ஓடையைக் கடந்து நடந்தே போவேன். கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய காலம் அது. கொதிக்க எடுக்கும் இருபது நிமிடத்தையும் வெயிலில் காத்திருந்த தாய்மார்களிடம் பேசுவதற்கு எடுத்துக்கொண்டேன். அவர்களை நம்ப வைத்தது அந்த இருபது நிமிடப் பேச்சுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

நான் சேர்ந்தபோது அங்கே பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. நான் ஓய்வுபெற்றபோது வீட்டுப் பிரசவம் என்ற சொல்லே அங்கு அரிதாகிவிட்டது. 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களில் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்ற செய்தியைக் கேட்டபோது, என் பகுதியில் காலை இழுத்து நடந்த ஒரு சிறுவனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஓய்வு வயது 59 ஆகவும் பிறகு 60 ஆகவும் உயர்ந்ததால், கொரோனா தடுப்பூசியையும் என் கையாலேயே போட்டுவிட்டு 2023இல் ஓய்வுபெற்றேன்.

குடும்பத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தார். நள்ளிரவில் பிரசவத்துக்கு ஆள் வந்தால், லாந்தரைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்து வந்தவர் அவர். மகளும் மகனும் வேலையில் இருக்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குக் கடினமானது. 1998இல் அக்காளுக்கு இரண்டு மாதமாக இருமல். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்நாளில் மூன்று வாரம், இப்போது இரண்டு வாரம். பீடித் தூளின் காட்டம் என்று நானே முடிவு செய்து, இருமல் மருந்து மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பணிக்குத் திரும்பினேன். சளியில் ரத்தம் வந்த பிறகே காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு நோய் தீர்ந்தது. ஆனால் இந்த மண்டபத்தின் நான்கு படி ஏறுவதற்குள் அவள் இரண்டு முறை நின்றதை நீங்கள் பார்த்தீர்கள். அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் 2003 ஏப்ரலுக்கு முன்னரே பணியில் சேர்ந்தவள் என்பதால் பழைய திட்டப்படி மாதம் தவறாமல் ஓய்வூதியம் வருகிறது. அக்காள் 26 ஆண்டுகள் சுற்றினாள். பீடித் தொழிலாளருக்கு வருங்கால வைப்புநிதி உண்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி நலநிதியும் உண்டு. இருந்தும் அவள் சுற்றிய பீடியெல்லாம் வேறொருவர் பெயரிலிருந்த பீடிக்கடை பாஸ் புத்தகத்தில் பதிவாகியிருந்ததால், அவள் வேலை செய்ததற்கே அத்தாட்சி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய உழைப்புக்கு இருக்கிற ஒரே பதிவு என் மதிப்பெண் சான்றிதழ். நான் என் சம்பாத்தியம் என்று சொல்வதில் எது என்னுடையது, எது அவளுடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிரிக்கவும் விரும்பவில்லை.

நம் ஆறாம் வகுப்பில் 41 பெண்கள் இருந்தோம். பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர்கள் 16 பேர், பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் 7 பேர். இன்றைய அழைப்பிதழ் முடித்தவர்களின் பெயர்களுக்கு மட்டுமே வந்தது. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் திருநெல்வேலியிலிருந்து தனி மாவட்டங்களாகப் பிரிந்தபோதும் அங்குள்ளவர்களையெல்லாம் நாம் வேற்றூரார் என்று நினைக்கவில்லை. ஒரே பெஞ்சில் இருந்துவிட்டு, தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் இலை கத்தரிக்கவும் எழுந்து போன பிள்ளைகளை மட்டும் எப்படி விட்டுவிட்டோம்?

தலைமையாசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு அழைப்பிதழ்களை ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள். முகவரி கிடைக்காதே என்று தயங்க வேண்டாம். நாற்பது ஆண்டு கதவு கதவாகத் தட்டிப் பழகியவள் நான். பெயர்களை மட்டும் கொடுங்கள். ஆலங்குளம் பக்கமும் அம்பாசமுத்திரம் பக்கமும் நானே போகிறேன். முக்கூடலுக்குள் அக்காள் உடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பீடிக்கடைத் திண்ணையில் அவளோடு வரிசையில் நின்றவர்களின் வீடுகளெல்லாம் அவளுக்குத் தெரியும்.