பச்சக்குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்கலையா?

வணக்கம். இடுப்பு மூட்டுல சீழ் பிடிக்கிறதப் பத்தி இன்னைக்குப் பேசலாம். ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்கதான் நம்ம கவலை.

குழந்தைய மல்லாக்கப் படுக்க வெச்சுப் பாருங்க. நல்ல கால் உதைச்சுக்கிட்டே இருக்கும். சீழ் பிடிச்ச கால் முட்டி மடங்கி, வெளிப்பக்கமாச் சாஞ்சு, அப்படியே கிடக்கும். அந்த வாக்குல மூட்டுக்குள்ள இடம் அதிகம், வலி குறைவு. டயாப்பர் மாத்தக் காலை விரிச்சா வீல்னு அழும். காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம், பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அப்படித்தான். "தடுப்பூசி போட்ட கால்", "சுளுக்கு, எண்ணெய் போட்டு வழிச்சா சரியாயிடும்"னு நாலு நாள் ஓடிடும். தயவுசெஞ்சு வழிக்காதீங்க. ஊசி வலி ஓரிரு நாள்ல அடங்கிடணும்.

இந்த வயசுல தொடை எலும்போட தலை, அதாவது இடுப்புக் குழியில பொருந்துற உருண்டை, பெரும்பாலும் குருத்தெலும்புதான். சீழ்ல இருக்கிற நொதிகள் அதை அரிக்கும். மூட்டுக்குள்ள அழுத்தம் ஏறினா அந்த எலும்புத் தலைக்குப் போற ரத்தமும் தடைபடும். எலும்புத் தலை போயிடுச்சுன்னா அந்தக் கால் குட்டையாவே வளரும். அதனாலதான் இது மணிக்கணக்கு விஷயம்.

எக்ஸ்ரே நார்மல்னு நிம்மதியாகிடாதீங்க, எலும்புல மாற்றம் தெரிய 10 முதல் 14 நாள் ஆகும். அல்ட்ராசவுண்ட் எடுத்தா மூட்டுல நீர் கோத்திருக்கிறது தெரியும். அது சீழா, வெறும் நீரான்னு ஊசி போட்டு உறிஞ்சிப் பாத்தாதான் தெரியும். நடக்கிற வயசுக் குழந்தைன்னா 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல், கால் ஊனாதது, இஎஸ்ஆர் (அழற்சியக் காட்டுற ரத்தச் சோதனை) 40க்கு மேல, ரத்தத்துல வெள்ளணு 12,000க்கு மேல, சீழா இருக்குமான்னு கணிக்க இந்த நாலையும் டாக்டர்கள் பாப்பாங்க. கோச்சர்ங்கிற டாக்டர் 1999ல சொன்ன கணக்கு. கைக்குழந்தைக்கு இதை நம்பி உக்காரக் கூடாது.

வரிசை முக்கியம்: ரத்தக் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கிற சோதனை), மூட்டு நீர், அப்புறம்தான் ஆன்டிபயாடிக். குழந்தை துவண்டு போயிருந்தா மட்டும் மருந்து உடனே போகணும். முன்கூட்டியே ஒரு டோஸ் போயிட்டா கிருமி வளராமப் போகலாம், எந்த மருந்துன்னு ஊகிக்கிற நிலைமை ஆகிடும். எடுத்த நீர்ல கொஞ்சத்த ரத்தக் கல்ச்சர் பாட்டில்லயே விடச் சொல்லிக் கேளுங்க. கிங்கெல்லாங்கிற கிருமி லேபோட சாதாரணத் தட்டுல லேசுல வளராது.

சீழ்னு தெரிஞ்சா ஆபரேஷன் பண்ணி மூட்டைத் திறந்து சலைன்ல கழுவிடுவாங்க. பிறகு நரம்பு வழி மருந்து. சிஆர்பிங்கிற இன்னொரு அழற்சிச் சோதனை சில நாள்லயே இறங்கும், இஎஸ்ஆர் இறங்க வாரக்கணக்கு ஆகும். அதனால தேறுதான்னு பாக்க சிஆர்பிதான்.

வீட்டுக்கு அனுப்புறப்போ வாய்வழி மருந்தோட அளவு பெருசாத் தெரியும். எலும்பு, மூட்டுக்கு செஃபலெக்சின்ங்கிற ஆன்டிபயாடிக் கிலோவுக்கு நாளைக்கு 100 மில்லிகிராம்கூடப் போகும், அதாவது சாதாரணப் புண்ணுக்குக் கொடுக்கிறதப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. மருந்துக்கடையில "ஓவர் டோஸ்"னு சொன்னாங்கன்னு நீங்களே பாதியாக்கிடாதீங்க. எழுதின டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க.