எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பிள்ளைகளின் படிப்புக்குப் பெரிதும் துணை நிற்பது பெற்றோரின் அக்கறையா, பள்ளிக்குக் கிடைக்கும் நிதியா? நிதியே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பெற்றோர் பாசத்தைச் சொல்லச் சொல்ல, அவையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். எனக்கு அந்த வசதி இல்லை; பட்ஜெட்டைக் கேட்டு யாரும் உருகி அழுததில்லை. அழுதாலும் காரணம் வேறாக இருக்கும்.

அமெரிக்காவில் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கையை அவர் எடுத்துக்காட்டினார். பள்ளி வசதியைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணில் அதிகம் தெரிகிறது என்று அது சொன்னது உண்மைதான். ஆனால் ஐயா, குடும்பப் பின்னணியும் அக்கறையும் ஒன்றா? பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், வீட்டில் என்ன வசதி என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். இரவு வேலை முடித்து வந்து படுக்கும் அம்மாவுக்குக் காலை 11 மணிக்குப் பெற்றோர் கூட்டம். அவள் வரவில்லை என்றால் அக்கறை இல்லாதவள் என்று எழுதிவிடுவீர்களா?

அப்புறம் ஜமைக்கா. அங்கே 1986-87இல் தொடங்கிய ஆய்வில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு மட்டும் 2 ஆண்டுகள் வாராவாரம் போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார்கள். 20 ஆண்டு கழித்து, அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றக் குன்றிய பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம். 'பார்த்தீர்களா தாயின் பங்கை!' என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். வாராவாரம் அந்தக் கதவைத் தட்டியது யார்? சுகாதாரப் பணியாளர். தாயின் பாசம் அதற்கு முன்பும் அந்த வீட்டில் இருந்தது. புதிதாக வந்தது சம்பளம் வாங்கும் ஓர் ஆள். எங்கள் அணிக்குச் சாட்சி சொன்னதற்கு அவருக்கு நன்றி.

நான் படித்த பள்ளியில் மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. வெங்காயச் சருகில் செல் பார்க்கும் நாள். 50 பேர் வரிசை. ஒருவனுக்கு ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாது. கையால் பொத்திக்கொண்டு குனிந்தான், மூக்கு இடித்து எல்லாம் கலைந்தது. ஆசிரியர் மறுபடி திருகிச் சரிசெய்தார். எனக்கு முன்னால் நான்கு பேர் நிற்கும்போது மணி அடித்துவிட்டது. புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்து முழு மதிப்பெண் வாங்கினேன். அன்று மாலை அப்பா நோட்டைப் புரட்டி, "உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாய்" என்று முதுகில் தட்டினார். அவர் அக்கறையில் என்ன குறை, சொல்லுங்கள்?

பணத்தைக் கொட்டினால் போதுமா என்பீர்கள். போதாது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1985க்குப் பின் நீதிமன்ற உத்தரவால் பள்ளிகளில் நீச்சல் குளம் வரை கட்டினார்கள், மதிப்பெண் ஏறவில்லை. குளத்தில் கணக்கு மிதந்து வராது. பணம் ஆசிரியராக மாற வேண்டும். அந்நாட்டின் டென்னசி மாநிலத்தில் அதே 1985இல் தொடங்கிய சோதனையில், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புகளைவிட 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். வகுப்பைப் பிரிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ மூவரும் 2016இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இன்னும் நேரடியானது. 12 ஆண்டுப் படிப்பு முழுவதும் ஒரு மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடியிருந்தால், வளர்ந்தபின் ஊதியம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பலன் இன்னும் அதிகம். வீட்டில் நோட்டைப் புரட்ட ஆள் இல்லாத பிள்ளையும் அந்தக் கணக்கில் இருக்கிறது. எதிரணி நண்பரே, உங்கள் கணக்கில் அந்தப் பிள்ளை எங்கே?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எனக்கு இது பழக்கம்தான். எங்கள் அணியில் இன்னும் இருவர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்காவது முறை வரட்டும். நன்றி, வணக்கம்.