நூறு எப்போது நகரும்?

அவையோருக்கு வணக்கம்.

நினைப்பால் மட்டும் ஒரு கருவியின் முடிவை அசைக்க முடியுமா? முதலில் பகடை உருட்டிப் பார்த்தார்கள். பகடையில் ஆறு குழி தோண்டிய முகம் எடை குறைந்தது. அதுவே அடிக்கடி மேலே வந்தால் காரணம் மனமா, மரமா என்று பிரிக்க முடியாது. அதனால் 1969-இல் இயற்பியலாளர் ஹெல்முட் ஷ்மிட், எந்த நொடியில் நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஸ்ட்ரான்ஷியம்-90-இன் கதிரியக்கச் சிதைவுக்கு மாறினார். 1979-இல் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ஜான் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வகம், டயோடு என்ற மின்னணு உறுப்பில் எழும் மின் இரைச்சலை எடுத்துக்கொண்டது.

அந்தக் கருவியை நெருங்கிப் பார்ப்போம். ஒரு முறைக்கு 200 பிட், அதாவது 0 அல்லது 1 என்று தற்செயலாக விழும் 200 இலக்கங்கள். ஒன்றுகளை எண்ணினால் சராசரி 100, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 7.07. பத்துக்கு ஏழு முறை 93-க்கும் 107-க்கும் இடையில்தான் எண் விழும். எதிரே அமர்ந்தவர் ‘கூடட்டும்’ என்று நினைக்கிறார், 106 வருகிறது. மனம் துள்ளும். ஆனால் அதில் ஒன்றுமில்லை. அந்த ஆய்வகம் சொன்ன விளைவு, சராசரி 100 என்பது 100.02 ஆவது போன்றது! இதை இரண்டு திட்டப் பிழை அளவுக்கு, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத அளவுக்குக் காட்டவே ஐந்து லட்சம் முறை, அதாவது பத்துக் கோடி பிட் வேண்டும். நொடிக்கு ஒரு முறை என்றால் 139 மணி நேரம்.

இவ்வளவு சிறிய நகர்வை டயோடின் சூடும் மின்னழுத்தமும்கூட உண்டாக்கிவிடும். அதற்காக ஒன்று விட்டு ஒரு பிட்டைத் தலைகீழாக்குகிறார்கள். கருவியின் சாய்வு சராசரியில் கழிந்துவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மனம் டயோடையே ஒரு பக்கம் தள்ளினாலும் அதுவும் இதே வழியில் கழிந்துபோகும். அப்படியானால் விளைவு எந்த இடத்தில் நுழைகிறது என்று, உண்டு என்பவர்தான் விளக்க வேண்டும்.

பெரிய பிழை வேறு இடத்தில் நடக்கிறது. திரையில், 100-ஐ விட்டு விலகிய அளவுகளின் கூட்டுத்தொகைக் கோடு ஏறும்போது ‘போதும்’ என்று நிறுத்துவது. வெறும் தற்செயல் கோடும் நீண்ட நேரம் ஓடவிட்டால் எப்போதாவது ‘தற்செயலாக இப்படி வர ஐந்து சதவீத வாய்ப்பே உண்டு’ என்ற எல்லையைத் தாண்டியே தீரும். ஆகவே எத்தனை முறை, எந்தக் கணக்கு என்பதைத் தொடங்குமுன் எழுதிப் பூட்டுங்கள். ‘கூட்டு’, ‘குறை’, ‘சும்மா இரு’ என்ற மூன்றில் எது அடுத்தது என்பதை அமர்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கலில் வரட்டும். யாரும் இல்லாத அறையிலும் அதே அளவு ஓட்டுங்கள். கணக்கிடுபவருக்கு எந்தக் கோப்பு எதனுடையது என்று தெரியவே கூடாது.

பிரின்ஸ்டன், ஜெர்மனியின் ஃபிரைபுர்க், கீசென் ஆகிய மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து முன்கூட்டியே அளவுகோலை வகுத்துச் சோதித்தன. 2000-இல் முடிவு வெளியானது: சராசரியில் எதிர்பார்த்த நகர்வு கிடைக்கவில்லை. பிறகு தரவுக்குள் வேறு விசித்திரங்களைத் தேடிக் காட்டினார்கள். அப்படிக் கிடைத்தது அடுத்த சோதனைக்கான கேள்வி. முடிந்துபோன சோதனைக்கு அதை விடையாக எழுத முடியாது.