லாக் நட் சாவி தொலைந்துவிட்டதா? திருடன் கழற்றும் வழியிலேயே நாமும் கழற்றலாம்!

வணக்கம் மக்களே! அலாய் வீலைத் திருடக் கூடாதென்று மாட்டிய லாக் நட், திருடனைவிட வண்டிக்காரரைத்தான் அதிகம் அழவைக்கிறது. அவன் ஒரு சுத்தியலும், நட்டின் மேல் மாட்டித் திருப்பும் சாக்கெட்டும் கொண்டுவந்து சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடுவான். நாமோ ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இருந்தும், கைக்குள் அடங்கும் ஓர் இரும்புத் துண்டு இல்லாததால் பஞ்சரான டயரை முறைத்துக்கொண்டு நிற்போம்.

வழக்கமாக ஒரு சக்கரத்துக்கு ஒரு லாக் நட் இருக்கும். அதன் தலையில் உள்ள நெளிவுகளுக்குள் சாவி பொருந்தும், சாவியின் மறுமுனையை ஸ்பேனர் பிடிக்கும். முன்கதை அவ்வளவுதான்.

சுத்தியலைத் தேடும் முன் சாவியை ஒழுங்காகத் தேடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், ஜாக்கி வைத்திருக்கும் பையில், டேஷ்போர்டு பெட்டியில், டிக்கி ஓரத்துச் சின்ன மூடிகளுக்குப் பின்னால். அங்கெல்லாம் இல்லையென்றால் கடைசியாக டயர் மாற்றிய கடைக்கு ஒரு போன் போடுங்கள். சாவி அவர்களுடைய சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கி அங்கே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிற கூத்து. சாவியோடு வந்த அட்டையில் ஒரு குறியீட்டு எண் இருக்கலாம், அது கிடைத்தால் அதே சாவியை மறுபடி வரவழைக்கலாம். அதுவும் இல்லையா? நட் கம்பெனியிலேயே மாட்டியதாக இருந்தால் ஷோரூமில் கேளுங்கள். பல பிராண்டுகளின் சர்வீஸ் சென்டர்களில் எல்லா வடிவச் சாவிகளும் அடங்கிய ஒரு மாஸ்டர் செட் இருக்கும், ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார்கள்.

எதுவும் கைகொடுக்கவில்லையா? சரி, சட்டைக் கையை மடித்துவிடுங்கள்.

[காட்சி: தரையில் நிற்கும் கார், சக்கரம் அருகில்]

வண்டி தரையிலேயே நிற்கட்டும், ஜாக்கி இப்போது வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: மற்ற நட்டுகளை முதலில் தளர்த்தாதீர்கள்! அவற்றைத் தளர்த்தினால் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் பாரமெல்லாம் லாக் நட் மேல் விழும், அது இன்னும் முரண்டு பிடிக்கும்.

நட்டின் வெளிப்பக்கத்தைவிட ஒரு துளி சிறிய, உள்ளே 12 முனை உள்ள பழைய சாக்கெட்டை எடுத்து, சுத்தியலால் அடித்து நட்டின் மேல் ஏற்றுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், சாக்கெட் தெறித்தால் நேரே கண்ணுக்குத்தான் வரும். சாக்கெட் இறுகப் பிடித்ததும் பிரேக்கர் பார் என்கிற நீளமான கைப்பிடிக் கம்பியைப் போட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக நிதானமாக அழுத்துங்கள். பல கார்களில் வீல் நட்டை 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் (திருப்பும் விசையின் அளவு) வரை இறுக்கியிருப்பார்கள். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பாரின் நுனியில் சுமார் 20 கிலோ அழுத்தினால் அந்த அளவு வந்துவிடும், துரு ஏறியிருந்தால் கூடுதலாக வேண்டும். வெளியே வந்த நட் சாக்கெட்டுக்குள் சிக்கியிருக்கும், பின்பக்கச் சதுர ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் விழுந்துவிடும்.

இதையே நோகாமல் செய்ய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் என்று ஒன்று விற்கிறது. உள்ளே சுருள் சுருளாக வெட்டியிருக்கும், கழற்றும் பக்கம் திருப்பத் திருப்ப இன்னும் ஆழமாகக் கடிக்கும். என்னைக் கேட்டால் முதலிலேயே இதை வாங்கிவிடுங்கள்.

இப்போதுதான் வில்லன் வருகிறார். சில லாக் நட்டுகளுக்கு வெளியே ஒரு வளையம் இருக்கும், குழந்தைகள் திறக்க முடியாத மருந்து பாட்டில் மூடி மாதிரி அது தனியாகச் சுற்றும். நீங்கள் சாக்கெட்டை ஏற்றி, மூச்சைப் பிடித்துத் திருப்பி, ஆகா கழல்கிறது என்று சந்தோஷப்பட்டால், சுற்றுவது வளையம் மட்டும்தான். நட் அசையவே இல்லை! இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக நம்மைப் பார்த்துச் சிரித்திருப்பார். இதற்கு முதலில் வளையத்தை உளியாலோ கிரைண்டராலோ பிளந்து எடுக்க வேண்டும், அதன் பிறகு உள்ளே இருக்கும் தண்டைச் சின்ன சாக்கெட் பிடிக்கும். ரிம்மில் கீறல் விழ வாய்ப்பு அதிகம், கை நடுங்குபவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வெல்டிங் வைத்து மேலே இன்னொரு நட்டை ஒட்டிக் கழற்றுவதும் உண்டு, அதை வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம்.

கடைசி வழி டிரில். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. ஜெர்மன் கார்கள் பலவற்றில் நட்டுக்குப் பதில் போல்ட்தான் வரும். அதன் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டு மற்ற போல்ட்களையும் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். அவ்வளவு நேரம் அடம்பிடித்த போல்ட்டின் மிச்சத்தில் இப்போது இழுவிசையே இருக்காது. துரு பிடிக்காமல் இருந்தால் சாதாரண பிளையரால் சுற்றி எடுத்துவிடலாம்! ஜப்பான், கொரியக் கார்களில் பெரும்பாலும் ஸ்டட்டும் (வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டு) அதன் மேல் மாட்டும் நட்டும்தான். அங்கே ஸ்டட் கெட்டுப்போனாலும் அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடலாம்.

ஒரு லாக் நட் கழன்றதும் மற்ற சக்கரங்களில் உள்ள மூன்றையும் அதே சூட்டில் கழற்றிவிடுங்கள். புது நட் வாங்கும்போது மரை அளவு மட்டும் பார்த்தால் போதாது, நட் ரிம்மில் உட்காரும் வடிவமும் பொருந்த வேண்டும். சில ரிம்முக்குக் கூம்பு, சிலவற்றுக்கு உருண்டை, சிலவற்றுக்குத் தட்டை வாஷர். மாற்றிப் போட்டால் ஓட்டத்திலேயே தளரும்.

வீடியோவை லைக் பண்ணுவதெல்லாம் அப்புறம். முதலில் போய் டிக்கியைத் திறந்து உங்கள் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து கமெண்டில் சொல்லுங்கள், எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று நானும் பார்க்கிறேன்.