சிறிய பள்ளி நூலகத்தை எப்படி அடுக்குவது? ஓர் ஆசிரியையின் கேள்விக்கு விளக்கம்

நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் அனுப்பிய கேள்வி என்னை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறது. ‘எங்கள் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் நூல்களும் இரண்டு இரும்பு பீரோக்களும் ஒரு சிறிய அறையும் இருக்கின்றன. டூயி முறையில் எண்ணிட்டு அடுக்கினால் நூல்கள் தொலையாமல் இருக்குமா?’ என்று அவர் கேட்டிருக்கிறார்.

1876இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி வெளியிட்ட, பொருள்வாரியாக நூல்களுக்கு எண் தரும் பகுப்புமுறை பெரிய நூலகங்களுக்கு மிகவும் பயன்படுவது. ஆனால் நடுநிலைப் பள்ளியில் இருப்பவை பெரும்பாலும் தமிழ்க் கதை நூல்களே. அந்த முறைப்படி அவை அனைத்தும் 894.8113 என்ற ஒரே எண்ணின்கீழ் வந்துவிடும். நூற்றுக்கணக்கான நூல்களில் அதே எண்ணை ஒட்டுவதால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன வழி தெரியப்போகிறது? கதை, பாடல், அறிவியல், வரலாறு என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணத்தாள் ஒட்டுங்கள். கதைகளை மட்டும் படிக்கும் திறனுக்கேற்ப மேலும் இரண்டு மூன்றாகப் பிரித்தால் போதும்.

அடுக்கும் முறையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நூல் பிள்ளையின் கண்ணில் படுகிறதா என்பதுதான். நான் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிய பேச்சு. ஆயினும் மீண்டும் சொல்கிறேன். நம் சிறுவர் நூல்களில் பல, பதினாறு அல்லது இருபத்து நான்கு பக்கங்கள் கொண்டு நடுவில் கம்பிப் பின் அடித்தவை. அவற்றுக்குப் பெயர் அச்சிடும் அளவுக்கு முதுகே கிடையாது. அவற்றைத் தடித்த நூல்களுக்கிடையே நிற்கவைத்தால், அட்டையில் எத்தனை அழகான யானை வரைந்திருந்தாலும் வெளியே தெரிவது ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே. நான் பார்த்த ஒரு பள்ளியில் இத்தகைய நூல்கள் கட்டுக்கட்டாக, சணல் கயிறுகூட அவிழ்க்கப்படாமல், பீரோவின் மேல்தட்டில் கிடந்தன. அவற்றை அவிழ்த்து, சுவரில் மூன்றடி உயரத்தில் கயிறு கட்டி, துணிக் கிளிப்பால் அட்டை தெரியும்படி தொங்கவிட்டபோது, முதல் வகுப்புப் பிள்ளைகள் தாமாகவே வந்து கழற்றி எடுத்தார்கள். வாரம் ஒருமுறை கயிற்றிலுள்ள நூல்களை மாற்றுங்கள். மற்றவற்றை ஆழமில்லாத பெட்டிகளில், அட்டை முன்நோக்கியிருக்கும்படி வையுங்கள். வெயில் நேராக விழும் சுவரையும் ஈரம் கசியும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். படித்த நூலைப் போட வாசலருகே ஒரு கூடை இருக்கட்டும்; அதை எடுத்து அடுக்கும் பொறுப்பை ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள்.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அந்த விதியை விளக்கும்போது அவர் நினைவுகூர்கிறார். நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், அலமாரிகள் ஆகிய அனைத்தையும் அந்த ஒரே விதியால் அளந்து பார்க்கிறார். ஆசிரியை கேட்டது நூல்கள் தொலையாதிருக்க வழி. அதைவிட, எப்படி வைத்தால் பிள்ளைகள் எடுப்பார்கள் என்று அவர் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

எனினும் தொலைந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. தணிக்கையில் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் வழங்கிய அல்லது பார்வையிட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, அதற்கு நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமில்லாதவரை, இயல்பான இழப்பாகவே கருதுகின்றன. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூல்களுக்கும் அரிய நூல்களுக்கும் மட்டும் விசாரணை கட்டாயம். மாநிலப் பள்ளிகளை அவ்விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், தலைமையாசிரியரிடம் பேசுவதற்கு அது நல்ல ஆதாரம். நூலின் சேர்க்கை எண் (பதிவேட்டில் அதற்குரிய வரிசை எண்), பிள்ளையின் பெயர், எடுத்த தேதி ஆகியவற்றை மாணவர்களே ஒரு நோட்டில் எழுதட்டும். பதிவேடுகளையும் விலையுயர்ந்த அகராதிகளையும் ஒரு பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். மற்றொரு பீரோ பள்ளி நேரம் முழுவதும் திறந்தே இருக்கட்டும்.